ஒண்ணுக்கு எத்தனை தடவை போனான்?

தருமபுரி
வியாழக்கிழமை

கண்ணு,

பையனுக்கு வயித்தால போகுதுன்னு உன் தம்பி சொல்லித்தான் தெரிஞ்சுது. ஏன் சொல்லலைன்னு கேக்கப் போறதில்ல. ஷிஃப்ட்டுக்குக் கிளம்பறப்பவும் பாலைப் பீச்சி வெச்சுட்டுப் போறியாமே, அது பெரிய காரியம்.

பேதியை மட்டும் எண்ணாதே, ஒண்ணுக்கு எத்தனை தடவைன்னு எண்ணு. டயாப்பர்ல ரெண்டும் கலந்து தெரியாது, துணி கட்டு. ஆறு மணி நேரம் ஒண்ணுக்கே போகலைன்னா டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ.

ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்டுன்னா, கொதிச்சு ஆறின தண்ணி முழுசா 1 லிட்டர். பாக்கெட்டைப் பாதி பிரிச்சு டம்ளர்ல கலக்காதே. உப்பு கூடிட்டா வலிப்பு வரைக்கும் போகும். சக்கரை, பால் எதுவும் சேக்காதே. 24 மணி நேரத்துக்கு மேல ஆனதைக் கொட்டிடு. அட்டை டப்பாவுல ஜூஸ் மாதிரி விக்கறது வேண்டவே வேண்டாம், சக்கரை ஏறி பேதி இன்னும் கூடும்.

பத்து மாசத்துப் பிள்ளைக்கு ஒவ்வொரு பேதிக்கும் 50ல இருந்து 100 மில்லி. தாகத்துல மடமடன்னு குடிச்சு அப்படியே கக்கிடுவான். எதுவுமே தங்கலைன்னு நிறைய பேர் அங்கதான் நிறுத்திடறாங்க. ஒரு ஸ்பூன் குடு, ஒரு நிமிஷம் பொறு, அடுத்த ஸ்பூன். கக்கினா 10 நிமிஷம் விட்டு, இன்னும் மெதுவா குடு. மெதுவா, கண்ணு.

பாட்டிலை எடுத்துப் போடு. நிப்பிள் உள்பக்கம் ஒட்டின பால் கழுவினாலும் போகாது, கிருமி அங்கதான் தங்கும். பீச்சின பாலையும் பாலாடைச் சங்குல ஊத்து. தாய்ப்பாலை நிறுத்தாதே, ராகிக் கூழையும் நிறுத்தாதே. ஜிங்க் 20 மில்லிகிராம் மாத்திரை, தினம் ஒண்ணு, தண்ணியில கரைச்சு 14 நாள். பேதி நின்னதும் நீ மறந்துடுவே. மறக்காதே, 14 நாள். பேதியை நிறுத்தற மருந்து மட்டும் யார் சொன்னாலும் குடுக்காதே, வயிறு உப்பிக்கும்.

உன் அத்தை, சாப்பிட்டது உள்ள சிக்கியிருக்கு, தொக்கம் எடுக்கணும்னு சொல்றாங்களாம். பெரியவங்க, எதுத்துப் பேசாதே. ஆனா உச்சிக்குழி உள்ள வாங்கியிருந்தா அது தொக்கம் இல்ல, உடம்புல தண்ணி வத்திடுச்சுன்னு அர்த்தம். தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவுல தோலை ரெண்டு விரலால நீளவாக்குல கிள்ளித் தூக்கி விடு. மடிப்பு உடனே மறையணும். ரெண்டு விநாடிக்கு மேல நின்னாலோ, குடிக்கத் தெம்பில்லாம சோர்ந்து கிடந்தாலோ, மலத்துல ரத்தம் தெரிஞ்சாலோ, யாரையும் கேக்காம கிளம்பு, 108ஐக் கூப்பிடு. விழுங்க முடிஞ்சா வழியிலயும் ஸ்பூன் நிக்கக் கூடாது.

நாளைக்குக் காலைல அப்பா ஓசூர் பஸ் ஏறறார். பாலாடையும் பழைய வேட்டித் துணியும் குடுத்து விடறேன். அன்னைக்கு அவர் பேசினதை மனசுல வெச்சுக்காம, ஒரு வாய் சோறு போட்டு அனுப்பு.

அம்மா