சைபீரியாவைப் பார்க்காமல் வரைந்தவர்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முட்டி வலி என்று வீட்டில் கிடந்தவன் ஒரு டச்சுக்காரரின் கதையில் மாட்டிக்கொண்டேன், அதான் தாமதம். நிக்கோலாஸ் விட்சன் என்று பேர். முப்பது வருஷம் வயல் வரப்பில் சங்கிலி இழுத்த சர்வேயர் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஆள் 1641-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். அப்பா மேயர், இவரும் பதின்மூன்று தடவை மேயர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் இயக்குநர் வேறு. லெய்டனில் சட்டம் படித்த கையோடு, 1664-ல் ஒரு தூதுக்குழுவுடன் மாஸ்கோ போய் வந்தார். அவ்வளவுதான், சைபீரியாப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் 1687 என்று ஆண்டு போட்டு, யூரல் மலைக்கு அந்தப் பக்கமிருந்து சீனா வரைக்கும் படம் வரைந்துவிட்டார்! எல்லாம் கடிதம் எழுதிக் கேட்டுத்தான். வியாபாரி, தூதர், பாதிரியார் என்று யார் கிழக்கே போனாலும் விட மாட்டார். இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை. 1692-ல் தடிமனான புத்தகமும் போட்டார், மண்ணுக்குள் கிடைக்கும் பெரிய தந்தங்களையும் அந்தத் தந்தத்துக்குரிய விலங்கை அங்கே 'மம்மூத்' என்று சொல்வதையும்கூட அதில் விடவில்லை.

ரஷ்யாவின் ஜார் பீட்டர் 1697-ல் கப்பல் கட்டக் கற்றுக்கொள்ள வந்தபோது, கம்பெனியின் கப்பல் கட்டும் தளத்தில் இடம் வாங்கிக் கொடுத்ததும் இவர்தான். மன்னர் கோடாலியும் கையுமாக மாதக்கணக்கில் வேலை செய்தார். ஆனால் அங்கே தச்சர்கள் வரைபடம் எதுவும் இல்லாமல் கண் அளவிலும் கை வாகிலும் கட்டுவதைப் பார்த்து அலுத்துப்போய், கணக்கு கற்க இங்கிலாந்து போய்விட்டார். இத்தனைக்கும் விட்சன் 1671-லேயே கப்பல் கட்டுவதைப் பற்றிப் புத்தகம் எழுதியவர், பாவம்.

அப்புறம் காபி. மலபார் கரையிலிருந்து ஜாவாவுக்குக் காபிச் செடி போனது இவர் தூண்டுதலில்தான். நீ குடிக்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர் குய்பர் என்ற நண்பருக்கு 1712-ல் எழுதிய கடிதம். இந்தியாவில் நம் டச்சு ஆட்கள் தேடுவது பணத்தை மட்டும்தான், அறிவை இல்லை என்று புலம்புகிறார். அந்தக் கம்பெனியில் இயக்குநராக இருந்த மனுஷன்! பெற்ற பிள்ளைகள் எல்லாரும் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். 1717-ல் இவரும் போனபின், சேர்த்துவைத்த அரும்பொருள்கள் 1728-ல் ஏலத்துக்கு வந்தன.

வயலில் கால் வைக்காமல் ஆபீஸில் உட்கார்ந்து புலப்படம் போடுகிறவனை நீ என்ன திட்டு திட்டுவாய் என்று எனக்குத் தெரியும். இந்த ஆளுக்கு ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அந்த சைபீரியாப் படத்தின் வடகிழக்கு மூலையில் கடலுக்குள் நீளும் நிலமுனையின் நுனியை மூடாமல், கோட்டைத் திறந்தே விட்டிருக்கிறார். நீயாக இருந்தால் அப்படியே கையெழுத்துப் போட்டிருப்பாயா, எழுது.

உன்
ராமு