தொண்ணூற்றோராவது நாள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு நீ கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்த கேள்விதான் காரணம். முதலில் வீட்டுச் சேதிகள். அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் கண்புரை எடுத்தாயிற்று. இப்போது செய்தித்தாள் முதலில் அவர் கைக்குத்தான் போகிறது. சின்னவன் வேலை மாறிவிட்டான். சம்பளம் கொஞ்சம் குறைவு, ஆனால் முகம் தெளிந்திருக்கிறது. உன் மகள் சட்டப் படிப்பின் கடைசி ஆண்டுக்கு வந்துவிட்டாள் என்று படித்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். புலம்பெயரும் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதப்போகிறாள் என்பதில் எனக்குக் கூடுதலாகவே சந்தோஷம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். சரக்கு தடையில்லாமல் போய்வர ஒப்பந்தம் போட்டுக்கொண்ட நாடுகள் மனிதர்களையும் அப்படியே விடவேண்டுமா, விட்டால் உள்ளூர்த் தொழிலாளியின் கூலி என்னாகும் என்று கேட்டிருந்தாய். விடவேண்டும் என்றுதான் நான் உறுதியாக நினைக்கிறேன். ஆனால் 'விடுவது' என்றாலே எல்லையில் கதவைத் திறப்பது மட்டும்தான் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். உள்ளே வந்தவருக்கு அதன்பிறகு என்ன உரிமை, அதை யாராவது பறித்தால் அவர் எங்கே போய் முறையிடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸையே எடுத்துக்கொள். 1979இல் டக்காரில் கையெழுத்தான உடன்படிக்கை, உறுப்பு நாட்டவர் எவரும் விசா இல்லாமல் இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போய் 90 நாள் தங்கலாம் என்றது. அந்தக் காலத்தில் அது பெரிய காரியம். நுழைவது, வசிப்பது, தொழில் தொடங்குவது என்று மூன்று கட்டமாக உரிமைகள் வரவேண்டும் என்பது திட்டம். எண்ணெய்ப் பணம் கொழித்த நைஜீரியாவுக்குக் கானாவிலிருந்தும் பக்கத்து நாடுகளிலிருந்தும் மக்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அப்புறம் எண்ணெய் விலை சரிந்தது. 1983 ஜனவரியில், உரிய ஆவணம் இல்லாத வெளிநாட்டவர் எல்லோரும் சில வாரங்களுக்குள் வெளியேறவேண்டும் என்று அரசு அறிவித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மூட்டை முடிச்சுகளோடு சாலைக்கு வந்தார்கள், பெரும்பாலோர் கானாக்காரர்கள். வசிக்கும் உரிமை பற்றிய இரண்டாம் கட்ட உடன்படிக்கை 1986இல்தான் வந்தது. ஆகவே 91ஆம் நாளிலிருந்து அந்த மக்களுக்குச் சட்டத்தில் எந்தப் பிடிமானமும் இல்லை. அங்கே வேலை செய்து, வாடகை கொடுத்து, பிள்ளை பெற்று வாழ்ந்தவர்கள் அவர்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

இதோடு ஒப்பிட்டால் ஐரோப்பாவில் நடந்தது வேறு. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உருவாக்கிய 1957இன் ரோம் ஒப்பந்தத்தில் தொழிலாளர்கள் நாடு விட்டு நாடு போய் வேலை செய்யும் உரிமை இருந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1958இல் வந்த ஒரு விதிமுறை. அந்தச் சமூகம் இயற்றிய மூன்றாவது விதிமுறையே புலம்பெயரும் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பைப் பற்றியது! இன்றும் அது வேறு வடிவில் தொடர்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஸ்பெயினில் ஓய்வூதியம் பெறக் குறைந்தது 15 ஆண்டு சந்தா கட்டியிருக்கவேண்டும். ஒருவர் அங்கே 8 ஆண்டும் போர்ச்சுகலில் 10 ஆண்டும் உழைத்திருந்தால், 8 போதாது என்று ஸ்பெயின் கைவிரிக்க முடியாது. இரண்டையும் கூட்டித் தகுதியைப் பார்த்து, தன் பங்குக்கு உரியதைத் தரவேண்டும். கடவுச்சீட்டு கேட்காத எல்லையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அறுபது வயதைத் தாண்டிய தொழிலாளிக்கு இந்தக் கணக்குதான் சோறு போடுகிறது.

இனி கூலி விஷயம். உன் கவலையை நான் தள்ளிவிடவில்லை. 2004 மே மாதம் பத்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. பழைய உறுப்பு நாடுகள் தங்கள் வேலைச் சந்தையை ஏழு ஆண்டு வரை மூடிவைத்துக்கொள்ள அனுமதி இருந்தது. பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் மூன்றும் உடனே திறந்தன. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 2011 வரை காத்திருந்தன. ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வரலாம் என்று பிரிட்டனுக்காகச் செய்த கணிப்பு, மற்ற பெரிய நாடுகளும் திறந்துவிடும் என்ற அனுமானத்தில் போட்டது. அவை திறக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே பல லட்சம் பேர் பிரிட்டனுக்கு வந்தார்கள். அதன் அரசியல், ஒன்றியத்தைவிட்டு வெளியேறுவதா என்று பிரிட்டன் நடத்திய 2016 வாக்கெடுப்பு வரை நீண்டது. 2020 முடிவோடு அங்கே இந்த உரிமையும் முடிந்தது.

ஆனால் வருகிறவருக்கு உள்ளூர்க்காரரைவிடக் குறைந்த உரிமை இருக்கும் இடத்தில்தான் முதலாளி அவரை வைத்துக் கூலியைக் குறைக்க முடிகிறது என்பது என் எண்ணம். ஒரு நாட்டு நிறுவனம் தன் ஆட்களை இன்னொரு நாட்டு வேலைக்குத் தற்காலிகமாக அனுப்பினால், அங்குள்ள குறைந்தபட்ச ஊதியம் கொடுத்தால் போதும் என்றிருந்தது 1996இன் ஐரோப்பியச் சட்டம். பக்கத்தில் அதே செங்கல்லை அடுக்கும் உள்ளூர்க்காரருக்கு அதைவிட அதிகச் சம்பளம். கோபம் வராமல் இருக்குமா? 2018இல் அதைத் திருத்தி, ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்று ஆக்கினார்கள். வந்தவரின் உரிமையை உயர்த்தியதுதான் உள்ளூர்க்காரருக்கும் பாதுகாப்பு. தென்கிழக்கு ஆசியாவின் ஆசியான் எதிர்த் திசையில் போயிற்று. பொறியாளர், மருத்துவர், செவிலியர், கணக்காளர் என்று எட்டுத் துறைகளுக்கு மட்டும் தகுதிச் சான்றை ஏற்கும் உடன்பாடு. கட்டடத்திலும் தோட்டத்திலும் வீட்டுவேலையிலும் இருக்கும் பெருங்கூட்டம் அதற்கு வெளியே நிற்கிறது. இது எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல.

தென் அமெரிக்காவின் வணிகக் கூட்டமைப்பான மெர்கோசூர் நாடுகள் 2002இல் செய்துகொண்ட உடன்பாடு எனக்குப் பிடித்தது. குற்றப் பின்னணி இல்லாவிட்டால், உறுப்பு நாட்டுக் குடிமகன் என்ற ஒரே காரணத்தால் இரண்டு ஆண்டு வசிப்பு அனுமதி, பிறகு நிரந்தர அனுமதிக்கு வழி. வேலை கையில் இருக்கவேண்டும் என்றுகூடக் கேட்பதில்லை.

உன் மகளுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது கரீபியன் வழக்கு ஒன்றை. 2011இல் ஜமைக்காவைச் சேர்ந்த ஒரு பெண் பார்படோஸ் விமான நிலையத்தில் இறங்கினார். இரண்டும் கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பான கரிகோமின் உறுப்பு நாடுகள். அவரை இழிவாகச் சோதனையிட்டு, இரவு முழுக்க அடைத்துவைத்து, மறுநாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் கரீபியன் நீதிமன்றத்துக்குப் போனார். 2013 அக்டோபரில் தீர்ப்பு வந்தது: உறுப்பு நாட்டவர் எவருக்கும் தொல்லையில்லாமல் நுழைந்து ஆறு மாதம் தங்கும் உரிமை உண்டு, மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும், வழக்கறிஞரையோ தன் நாட்டுத் தூதரகத்தையோ தொடர்புகொள்ள வாய்ப்புத் தரவேண்டும். அந்த உரிமைக்கு அடிப்படையாக நீதிமன்றம் காட்டியது, 2007இல் அரசுத் தலைவர்கள் கூடி எடுத்த முடிவு. ஆறு ஆண்டாகக் காகிதத்தில் கிடந்ததை ஒரு தனி மனுஷி போய்ச் சட்டமாக நிலைநாட்டிக்கொண்டு வந்தார். பார்படோஸ் இழப்பீடும் கொடுக்கவேண்டியிருந்தது. அதே பார்படோஸ் 2025 அக்டோபரில் பெலிஸ், டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட் ஆகியவற்றோடு சேர்ந்து, நான்கு நாட்டு மக்களும் ஒருவர் நாட்டில் ஒருவர் காலவரையின்றி வசித்து வேலை செய்யலாம் என்று திறந்துவிட்டது.

கட்டுரைக்கு எங்கிருந்து தொடங்குவது என்று அவள் தயங்குகிறாள் என்று எழுதியிருந்தாயே, இந்தத் தீர்ப்பை முழுதாகப் படிக்கச் சொல். அடுத்து, 1979 உடன்படிக்கையில் 90 நாளுக்குப் பிறகு என்ன என்ற பகுதியைப் பார்க்கட்டும். ஆப்பிரிக்க ஒன்றியத்தையும் விட்டுவிடவேண்டாம். 2018இல் அது கண்டம் முழுவதற்குமான வணிக உடன்பாட்டையும் மக்கள் நடமாட்ட உடன்படிக்கையையும் ஒரே ஆண்டில் கொண்டுவந்தது. முதலாவதற்கு நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புதல் தந்துவிட்டன. இரண்டாவது நடைமுறைக்கு வர 15 நாடுகள் போதும். அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட இன்னும் வரவில்லை. ஏன் என்று அவள் தேடிப் பார்த்து எனக்கு எழுதட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்