சிவப்பு ஒளிக் கருவிகள்: பெட்டியின் மேல் அச்சிடப்படாத எண்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே பயன்படுத்தும் சிவப்பு ஒளி சிகிச்சைக் கருவிகள் குறித்துத் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பயன்களை விரிவாகச் சொன்ன அக்கட்டுரை, எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது, அதை உடலிலிருந்து எவ்வளவு தொலைவில் வைப்பது, எத்தனை நிமிடம் பயன்படுத்துவது ஆகிய கேள்விகளையெல்லாம் 'கூடுதல் நேரம் பயன்படுத்தினால் கூடுதல் பலன் கிடைக்கும்' என்ற ஒரே வரியில் முடித்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன் நான்; முழங்கால் வலிக்காக என் மனைவி ஓராண்டாக இத்தகைய கருவியொன்றைப் பயன்படுத்தி வருவதை அருகிலிருந்து பார்த்தும் வருகிறேன். அந்த ஒரு வரி திருத்தப்பட வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இந்தச் சிகிச்சை ஏமாற்று வேலை என்று சொல்ல நான் வரவில்லை. 1967 இல் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசர் ஒளி புற்றுநோயை உண்டாக்குமா என்று அறிய, முடி மழித்த எலிகளின் மேல் குறைந்த ஆற்றலுள்ள லேசரைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை, மாறாக, ஒளி பட்ட எலிகளுக்கு முடி விரைவாக முளைத்தது. அங்கிருந்து தொடங்கிய ஆய்வுகள் இன்று 'போட்டோபயோமாடுலேஷன்' என்ற பெயரில் தனித்துறையாக வளர்ந்துள்ளன. உயிரணுக்களுக்குள் ஆற்றலை உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி, சிவப்பு ஒளியையும் அதற்கு அடுத்துள்ள அகச்சிவப்பு ஒளியையும் உறிஞ்சிக்கொள்வதால் உயிரணுவின் செயல்பாடு தூண்டப்படுகிறது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வாயில் ஏற்படும் கடும் புண்களைத் தடுக்க இந்த ஒளியை மருத்துவமனைகள் பயன்படுத்துகின்றன. பரம்பரை முடி உதிர்வுக்கான லேசர் சீப்பு ஒன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007 இலேயே விற்பனை அனுமதி அளித்தது.

ஆனால் இங்கே நாம் பேசுவது ஒரு மருந்தைப் பற்றி. மருந்துக்கு அளவு உண்டு. ஒளியின் அளவை ஒரு சதுர சென்டிமீட்டர் தோலின் மேல் விழும் ஆற்றலாக, ஜூல் கணக்கில் குறிப்பார்கள். கணக்கு எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் புரியும்: தோலை வந்தடையும் ஒளிச்செறிவை நேரத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு கருவி நாம் அமரும் தொலைவில் சதுர சென்டிமீட்டருக்கு 50 மில்லிவாட் தருகிறது என்றால், 200 நொடிகளில் அந்த இடம் 10 ஜூல் பெறும். அதே இடத்தில் அரை மணி நேரம் அமர்ந்தால் 90 ஜூல். ஒரு குறிப்பிட்ட அளவு வரை தூண்டுதல் கூடுவதையும், அதைத் தாண்டினால் பலன் குறைவதையும், மேலும் கூட்டினால் எதிர்விளைவே தோன்றக்கூடும் என்பதையும் இத்துறையின் ஆய்வுகள் மீண்டும் மீண்டும் கண்டுள்ளன. எனவே 'கூடுதல் நேரம், கூடுதல் பலன்' என்பது வெறும் மிகைப்படுத்தல் அன்று. இந்தச் சிகிச்சையின் அடிப்படைக்கே முரணான கூற்று.

எங்கள் வீட்டிலும் இதே தவறு நடந்தது. முதல் மாதம் ஒவ்வொரு முழங்காலுக்கும் ஐந்து நிமிடம் வைத்தபோது வலி குறைந்ததாக என் மனைவி சொன்னார். மகிழ்ச்சியில் நேரத்தை அரை மணியாக்கினார். கருவியையும் இன்னும் நெருக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார். இரண்டு வாரங்களில் பழைய வலி திரும்பியது, தோலும் சிவந்து எரிந்தது. இயன்முறை மருத்துவர் நேரத்தைப் பழையபடி குறைக்கச் சொன்ன பின்னரே நிலைமை சீரானது. ஒருவரின் அனுபவம் ஆய்வாகாது என்பதை அறிவேன். ஆயினும் கருவியோடு வந்த கையேட்டில் எந்தத் தொலைவில் எவ்வளவு ஒளி கிடைக்கும் என்ற ஒரு வரி இருந்திருந்தால் அந்த இரண்டு வாரத் துன்பத்தைத் தவிர்த்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

ஆகவே வாங்க நினைப்பவர்கள் முதலில் தேட வேண்டியது அலைநீளம். சிவப்பில் 630 முதல் 660 நானோமீட்டர் வரையும், அகச்சிவப்பில் 810 முதல் 850 நானோமீட்டர் வரையும் உள்ள ஒளியே அதிகம் ஆராயப்பட்டுள்ளது. முந்தையது தோலின் மேலடுக்குகளுக்கும், பிந்தையது சற்று ஆழத்தில் உள்ள தசை, மூட்டு ஆகியவற்றுக்கும் ஏற்றது. சிவப்பு வண்ணம் பூசிய சாதாரண மின்விளக்கு இந்த வேலையைச் செய்யாது. வெப்பம் தரும் அகச்சிவப்பு விளக்கும் வேறு வகையைச் சேர்ந்தது. 850 நானோமீட்டர் விளக்குகள் கண்ணுக்கு மங்கலான சிவப்புப் புள்ளிகளாகவே தெரியும் என்பதால், கருவியில் பாதி விளக்குகள் எரியவில்லை என்று எண்ணித் திருப்பி அனுப்புவோரும் இருக்கிறார்கள்.

அடுத்தது வாட் கணக்கு. '1000 வாட்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். ஒவ்வொரு எல்.இ.டி. விளக்கும் தாங்கக்கூடிய உச்ச அளவை விளக்குகளின் எண்ணிக்கையால் பெருக்கி அந்த எண்ணைப் பெறுகிறார்கள். கருவி உண்மையில் இழுக்கும் மின்சாரம் அதைவிட மிகக் குறைவு. இழுக்கும் மின்சாரம் தெரிந்தாலும் போதாது, தோலை வந்தடையும் ஒளிதான் கணக்கு. அந்த எண்ணைத் தரும் நிறுவனங்களிலும் சில, சூரிய ஒளியை அளப்பதற்காக அமைந்த மலிவான மீட்டரால் அளந்து காட்டுகின்றன. அம்மீட்டர் இத்தகைய குறுகிய அலைநீள வரம்புக்குள் அமைந்த ஒளியை உள்ளதைவிட அதிகமாகவே காட்டும். எத்தனை சென்டிமீட்டர் தொலைவில் அளந்தது என்று சொல்லாத ஒளிச்செறிவு எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. தொலைவு இரட்டித்தால் ஒளி கால்பங்காகும் என்று வகுப்பில் நான் கற்பித்த விதி ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளிக்கே பொருந்தும். விளக்குகள் பதித்த அகன்ற பலகைக்கு அருகில் ஒளி அவ்வளவு வேகமாகக் குறையாது. ஆகவே வீட்டில் மனக்கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை, தயாரிப்பாளரே அளந்து சொல்லியாக வேண்டும்.

சான்றிதழ் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் 'பதிவு பெற்றது' என்று விளம்பரங்களில் வருவது, நிறுவனம் தன் பெயரைப் பட்டியலில் சேர்த்துள்ளது என்பதை மட்டுமே குறிக்கும். அதற்காக அந்நிர்வாகம் சான்றிதழ் எதையும் வழங்குவதில்லை. 'விற்பனை அனுமதி' என்பது வேறு. ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒரு கருவிக்கு இது பாதுகாப்பிலும் செயல்பாட்டிலும் இணையானது என்று ஏற்றுக்கொண்டதை அது குறிக்கும். அதுவும் குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே: முகச்சுருக்கத்துக்கு அனுமதி பெற்ற ஒளி முகமூடி, தைராய்டுக்கும் உடல் எடைக்கும் உதவும் என்று விற்கப்படுமானால் அந்த அனுமதி அங்கே செல்லாது. சிவப்பு ஒளி வைட்டமின் டி தரும் என்ற கூற்றையும் பார்த்தேன். அதற்குப் புறஊதாக் கதிர் வேண்டும். சிவப்பு ஒளியால் அது இயலவே இயலாது.

எல்லாவற்றிலும் எனக்குக் கவலை தருவது கண்தான். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்கு அநேகமாகத் தெரிவதில்லை என்பதால் இமை தானாக மூடிக்கொள்ளாது, ஆனால் ஒளி விழித்திரை வரை செல்லும். கிட்டப்பார்வையைக் கட்டுப்படுத்தச் சிவப்பு லேசர் ஒளியைத் தினமும் பார்த்து வந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் விழித்திரை பாதிக்கப்பட்ட செய்தி 2023 இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. நாம் இங்கே பேசும் கருவிகள் அதே வகையைச் சேர்ந்தவை அல்ல. எனினும் பலகையின் முன் அமரும் எவரும் காப்புக் கண்ணாடி இல்லாமல் அதை உற்றுப் பார்க்கக் கூடாது, குழந்தைகளை அருகில் விளையாட விடவும் கூடாது. டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி போன்று, ஒளி பட்டால் தோல் எளிதில் பாதிக்கப்படச் செய்யும் மருந்துகளை உட்கொள்வோர், லூபஸ் நோயுள்ளோர், தோல் புற்றுநோய் வந்தவர்கள், கருவுற்றிருப்போர் ஆகியோர் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது. ஒளிப்பட்டையைக் கட்டிக்கொண்டே உறங்கிவிட்டால் கொப்புளம் வந்த பிறகே அறிவார்கள். கருநிறத் தோலில் மெலனின் என்ற நிறமி ஒளியை அதிகம் உறிஞ்சுவதால் குறைந்த அளவிலேயே தொடங்குவது நல்லது. முகத்தில் மங்கு உள்ளவர்கள் தோல் மருத்துவரைப் பார்க்காமல் முகமூடியைத் தொடவே வேண்டாம் என்பேன்.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. அக்கட்டுரையின் அந்த வரிக்கு அதே பக்கத்தில் திருத்தம் வெளியிடுங்கள். இக்கருவிகளுக்கான விளம்பரங்களை ஏற்கும்போது, அலைநீளம், குறிப்பிட்ட தொலைவில் அளந்த ஒளிச்செறிவு, அந்தத் தொலைவில் பயன்படுத்த வேண்டிய நேரம் ஆகிய மூன்றும் படிக்கக்கூடிய எழுத்தில் இடம்பெற வேண்டும் என்று நிபந்தனை விதியுங்கள். என் மனைவியின் கருவியைத் தயாரித்த நிறுவனத்துக்கு இந்த மூன்று விவரங்களையும் கேட்டு இருமுறை கடிதம் எழுதினேன். இதுவரை பதில் இல்லை. தனிமனிதன் கேட்டால் வராத பதில், நாளிதழ் கேட்டால் வரக்கூடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர், தங்கள் நெடுநாள் வாசகர்