அரிசியைக் குறைக்கச் சொல்கிறீர்கள், பசிக்கு என்ன வழி?

ஆசிரியருக்கு வணக்கம்.

சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே நோயாளியின் காதில் விழும் முதல் வாக்கியம், "சோத்தைக் குறைங்க" என்பதுதான். சரியான அறிவுரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய நாடளாவிய ஆய்வின் 2025 முடிவுப்படி, இந்தியர்கள் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்தின் பங்கு 12 சதவீதம்தான். ஆனால் எடுத்த சோற்றுக்குப் பதில் தட்டில் எதை வைப்பது என்பதை யாரும் அளவோடு சொல்வதில்லை. அதனால் பத்தே நாளில் பசி ஜெயித்துவிடுகிறது. பழி மட்டும் நோயாளியின் "நாக்கு கட்டுப்பாடு" மீது விழுகிறது.

கணக்கைப் பாருங்கள். மதியம் 400 கிராம் சோறு சாப்பிட்டவருக்கு அதிலிருந்து ஏறத்தாழ 110 கிராம் மாவுச்சத்தும் 520 கலோரியும் கிடைத்து வந்தன. அதை 100 கிராமாகக் குறைத்தால் 390 கலோரி காணாமல் போகிறது. அந்த இடத்தில் இரண்டு கரண்டி பொரியல் கூடினால் 50, 60 கலோரிதான் திரும்பி வரும். நான்கு மணிக்குக் கை நடுங்காத குறையாகப் பசிக்காமல் என்ன செய்யும்? அப்போது டீயும் நான்கு பிஸ்கட்டும், இரவு "சோறு இல்லையே" என்ற சமாதானத்தில் நான்கு சப்பாத்தியும் உள்ளே போகின்றன. 30 கிராம் மாவில் சுட்ட ஒரு சப்பாத்தியில் 20 கிராம் மாவுச்சத்து உண்டு. நான்கு சப்பாத்தி என்றால் 80. மதியம் மிச்சப்படுத்தியது இரவில் செலவாகிவிட்டது.

அதே மதியத் தட்டை இப்படி அமைக்கலாம். சோறு 100 கிராம். முட்டை இரண்டு, அல்லது மத்தி, சங்கரா போன்ற மீன் 100 கிராம். 25 கிராம் பருப்பு சேர்த்த கெட்டிக் கூட்டு. கொத்தவரை, புடலை, கோஸ், வெண்டை என ஏதாவது ஒரு காய் 200 கிராம். எண்ணெய் இரண்டு தேக்கரண்டி இருக்கட்டும். கடைசியில் தயிர் 150 மில்லி. மாவுச்சத்து ஏறத்தாழ 60 கிராமில் நிற்கும், புரதம் 25 கிராமைத் தாண்டும், கலோரி 600 வரை வரும். வயிறு மாலை வரை தாங்குவது இந்தப் புரதத்தாலும் காயின் நார்ச்சத்தாலும் கொழுப்பாலும்தான். எண்ணெயையும் சோற்றையும் ஒரே நாளில் குறைப்பவர்கள்தான் சீக்கிரம் கைவிடுகிறார்கள். காயையும் முட்டையையும் முதலில் தின்று, சோற்றைக் கடைசியில் பிசைந்தால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவதும் குறைகிறது.

சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். வீட்டுச் சாம்பார் ஒரு கரண்டியில் பெரும்பாலும் இருப்பது புளித்தண்ணீர். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பை நான்கு பேர் மாதம் முழுவதும் உண்டால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் பருப்பு வரும். அதில் புரதம் 2 கிராம்கூட இல்லை. அரிசியோ இலவசம். ஏழைக் குடும்பத்தில் சோற்றுக்கு மாற்று தேடுவது ஏன் கடினம் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

முட்டை வேண்டாதவர்களுக்கு மலிவான வழி மீல்மேக்கர். உலர்ந்த 30 கிராமில் 15 கிராம் புரதம். கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, இரண்டு முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்தால் அந்தப் பச்சை வாடை போய்விடும். பிழியாமல் குழம்பில் போடுவதால்தான் பலருக்கு அது பிடிப்பதில்லை.

காலை உணவில்தான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். மூன்று இட்லியில் மாவுச்சத்து 35 கிராம், புரதம் ஐந்தாறு கிராம். பதினோரு மணிக்குப் பசி வருவது அதன் இயல்பு. 50 கிராம் முழுப் பச்சைப்பயறை இரவே ஊறவைத்து, இஞ்சி, பச்சை மிளகாயுடன் அரைத்து தோசையாக வார்த்து, மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றுங்கள். மாவுச்சத்து 25 கிராம் அளவில் நிற்கும், புரதம் 17 கிராம் கிடைக்கும். மாவு புளிக்க வேண்டியதில்லை. அடை என்றால் ஒரு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு பருப்பு. வழக்கம்போல் அரிசியைத் தூக்கலாகப் போட்டு அரைத்தால் அது பருப்பு வாசனை வீசும் அரிசி தோசைதான்.

சிறுதானியத்தைப் பற்றி எழுதினால் சிலருக்குக் கோபம் வரலாம். 100 கிராம் உலர்ந்த அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் கேழ்வரகு, தினை, கம்பு ஆகியவற்றில் 60 முதல் 70 வரை. நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் கூடுதல், மறுக்கவில்லை. ஆனால் மாவாக அரைத்துக் கஞ்சி காய்ச்சியபின் அது வேகமாகச் செரிக்கிறது. இரண்டு மணி நேரத்தில் பசி திரும்பிவிடும். மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசியின் இடத்தில் கோதுமையையோ சிறுதானியத்தையோ வைப்பதால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை என்றே மேற்சொன்ன ஆய்வும் சொல்கிறது. "சுகருக்கு நல்லது" என்று இரண்டு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி குடிப்பது சோறு தின்பதற்குச் சமம்.

மாலைப் பசிக்கு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், வேகவைத்த அல்லது வறுத்த வேர்க்கடலை போதும். அல்லது தேங்காய்ச் சில்லு ஒன்று, மோர் ஒரு டம்ளர். சுண்டல் நல்லதுதான், ஆனால் கணக்கில் வராத பண்டம் அல்ல. அரைக் கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. இரவுப் பசி தொடர்ந்தால், இரவு உணவில் புரதம் இல்லை என்று பொருள்.

இனி, பசி போலத் தோன்றும் சில விஷயங்கள். நோய் கண்டுபிடித்த புதிதில் ரத்தச் சர்க்கரை 300ஐத் தாண்டியிருந்தால், பசியே நோயின் அறிகுறி. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை செல்லுக்குள் போகாததால் உடல் இன்னும் கேட்கிறது. சர்க்கரை இறங்க இறங்க அந்தப் பசி அடங்கும். மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரத்தில் வரும் தலைவலியும் சோர்வும் வேறு வகை. உடல் சேமித்து வைத்த சர்க்கரையான கிளைகோஜன் தன்னோடு பிடித்து வைத்திருந்த நீரையும் கூட்டிக்கொண்டு வெளியேறும். இன்சுலின் தணிவதால் சிறுநீரில் உப்பும் கூடுதலாகப் போகும். உப்பிட்ட மோர் ஒரு டம்ளரில் இது சரியாகிவிடும், முறுக்கு தேவையில்லை. ரத்தக்கொதிப்பு, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது தாழ்சர்க்கரை. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர் பழைய அளவு மருந்தையே போட்டுக்கொண்டு சோற்றை மட்டும் பாதியாக்கினால் சர்க்கரை 70க்குக் கீழே போகலாம். திடீர்ப் பசி, வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால் தாழ்சர்க்கரை என்றே கொள்ளுங்கள். 15 கிராம் குளுக்கோஸ் பவுடர், மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து குடித்து 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். 70க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை. சாக்லேட்டும் பிஸ்கட்டும் இதற்கு உதவாது; கொழுப்பு அதைத் தாமதப்படுத்தும். கிளிமெபிரைடு, மெட்ஃபார்மினுடன் வோக்ளிபோஸும் சேர்ந்த மூன்று மருந்து மாத்திரை இங்கே பரவலாக எழுதப்படுகிறது. அதை எடுப்பவருக்கு வீட்டுச் சீனி வேலை செய்யாது, ஏனெனில் சீனி உடைவதைத்தான் வோக்ளிபோஸ் தடுக்கிறது. குளுக்கோஸ்தான் வேண்டும். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துப் பெயரைத் தெரிந்துகொள்வது நல்லது.

அதே அறிகுறிகள் வந்து மீட்டர் 110 என்று காட்டினால் பதற வேண்டாம். பல மாதம் 250இல் பழகிய உடலுக்கு 110 தாழ்வாகத் தெரிகிறது. சில வாரங்களில் பழகிவிடும். அதற்குள் இனிப்பைத் தின்று 250க்கே திரும்பிவிடக் கூடாது.

சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரைகளான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தவே கூடாது. மீட்டரில் சர்க்கரை ஓரளவே காட்டும்போதும் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் ஏறி அமிலத்தன்மை வரலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போய் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் மேலே உள்ள அளவுகளைத் தாமாகப் பின்பற்ற வேண்டாம்.

அரசுக்கு ஒரு கோரிக்கை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் தன்னார்வலர், "சோற்றைக் குறைத்திருக்கிறீர்களா, இடையில் வியர்த்து நடுங்கியதா?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆகாது. மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியவர்கள் அதில் தெரிந்துவிடுவார்கள்.

உங்களிடமும் ஒன்று. உங்கள் சமையல் பக்கத்தில் "சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்றது" என்று தினைப் பொங்கலும் கேழ்வரகுப் புட்டும் வரும்போது, ஒரு ஆளுக்கான எடையையும் அதில் உள்ள மாவுச்சத்து, புரத அளவையும் கிராமில் அச்சிடுங்கள். அந்த எண்கள் இல்லாதபோது "ஏற்றது" என்ற சொல்லையும் போடாதீர்கள்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர்கள் இருவர்,
திருச்சிராப்பள்ளி.