கற்றல் தோட்டத் திருப்பணி நிறைவு அறிக்கை

அங்கத்தவர்களுக்கு,

"தோட்டத்தில் புதிதாக ஒன்றையும் காணவில்லையே, காசு எங்கே போனது?" என்று பொதுக்கூட்டத்தில் எழுந்த கேள்வி திருகோணமலையில் உவர்மலை, உப்புவெளிப் பக்கம் இன்னும் ஓயவில்லை. மரத்தை நெருங்கும் பிள்ளையின் போனில் அந்த மரம் பற்றிய கேள்வி தோன்றச் செய்வதே இந்த வேலை; கண்ணில் படாமல் இருப்பதுதான் அதன் இலட்சணம். கணினி சுற்றுப்புறத்தோடு கரைந்துவிட வேண்டும் என்று செரொக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுகூடக் கணினி அறிஞர் மார்க் வைசர் 1991இலேயே எழுதிவிட்டார்.

வேலி, நடைபாதை, வர்ணப்பூச்சு முடிந்தன.

24 மரங்களின் அருகிலும் ஒரு புளூடூத் பீக்கன் (தன் இலக்கத்தை வானொலி அலையில் அனுப்பும் சிறு கருவி), ஒரு என்.எஃப்.சி. வில்லை (போனை அருகில் பிடித்தால் வாசிக்கக்கூடிய சிறு சில்லு), ஒரு கியூ.ஆர். பலகை உள்ளன. பிள்ளை போனுடன் நெருங்கியதும் வாசிகசாலையிலுள்ள ராஸ்பெரி பை என்ற சிறு கணினி, பிள்ளையின் வகுப்பு, நேரம், முன்பு பார்த்த மரம் ஆகியவற்றைக் கொண்டு கேள்வியைத் தெரிவு செய்கிறது. கொன்றை பூத்திருந்தால் பூவைப் பற்றி, இல்லையேல் காயைப் பற்றி. பூத்ததா என்பதை நூலகர் வாராவாரம் குறிக்க வேண்டும். அதை எந்தக் கருவியும் பார்த்துச் சொல்லாது. டேட்டா வேண்டாம், வாசிகசாலை வைஃபை போதும். பிள்ளைகளை உளவு பார்க்கிறோம் என்பது வீண் பேச்சு: பீக்கன் தன் இலக்கத்தைச் சொல்லுமே தவிர எதையும் கேட்காது. பெயர்கள் பதியப்படுவதில்லை.

போனிலுள்ள ஜீ.பி.எஸ். போதாதா என்றார்கள். திறந்த வெளியிலேயே அது ஏறக்குறைய 5 மீற்றர் பிசகும்; நம் வேம்புக்கும் வில்வத்துக்கும் இடைவெளி 3 மீற்றர்.

இனி ஒப்பந்தகாரர் விடயம். வில்லைகளைப் பொருத்தப் பாலை மரக் கம்பம் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். அவர் ஜீ.ஐ. (நாகம் பூசிய இரும்பு) குழாயை நட்டு, வில்லைகளை நேரே அதில் ஒட்டினார். ஒரு போனும் வாசிக்கவில்லை. போன்தான் பழுது என்று வாதாடினார். அவர் முன்னிலையிலேயே ஒரு வில்லையைக் கழற்றிப் பலகையில் வைத்தோம்: உடனே வாசித்தது. குழாயில் வைத்தோம்: செத்தது. வில்லையை வாசிக்கப் போன் எழுப்பும் 13.56 மெகாஹேர்ட்ஸ் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்பும். அது அந்தப் புலத்தையே எதிர்த்து அடக்கிவிடும். இடையே, புலம் உலோகத்தை எட்டாமல் தடுக்கும் ஃபெரைட் தாள் உள்ள வில்லைதான் வழி. அதை வாங்க ரூ. 9,600, கூலி ரூ. 6,000. அவருக்குத் தரவேண்டியதில் தடுத்து வைத்த ரூ. 22,000இல் இவற்றைக் கழித்து, மீதி ரூ. 6,400ஐக் காசோலையாகக் கொடுத்தோம். ஊர்ப் பிள்ளையிடம் இவ்வளவு கறாரா என்பவர்கள், அது அங்கத்தவர் பணம் என்பதை யோசிக்கட்டும்.

ரூ. 18,500 மேலதிகச் செலவு வேறு காரணத்தால். உப்புக்காற்றில் பற்றரி முனைகள் பச்சை பிடித்தன. சிலிக்கோன் வளையமிட்ட பெட்டிகள் வாங்கினோம். வகுப்பே ஒரு மரத்தைச் சூழ்ந்தால் உடம்பிலுள்ள நீர் பீக்கனின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை உறிஞ்ச, போன் அடுத்த மரத்தைக் காட்டியது. அதற்குக் காசு செலவாகவில்லை: அடுத்த பீக்கனின் அலை 6 டெசிபெல் (ஏறக்குறைய நான்கு மடங்கு வலு) கூடுதலாக, 3 விநாடி நிலைத்தால் மட்டும் மாறும்படி நிரலைத் திருத்தினோம்.

மேலதிகச் செலவை ஏற்றோர்: லண்டன், ரொறன்ரோ பழைய மாணவர்; நிலாவெளி ஹோட்டல் ஊழியர் குழு; திருக்கடலூர் மீனவர் குடும்பங்கள்; தாயார் நினைவாகத் தந்த ஓய்வுபெற்ற ஆசிரியை; பெயர் சொல்ல விரும்பாத இருவர். பற்றுச்சீட்டுகள் பொருளாளரிடம் உள்ளன, வந்து பார்க்கலாம்.

பற்றரிகளை ஆண்டுதோறும் ஒக்டோபரில், வடகீழ்ப் பருவமழைக்கு முன் மாற்ற வேண்டும். அதற்கான பணம் இன்னும் ஒதுக்கப்படவில்லை.

செயற்குழு