காலையில் பாலை, மாலையில் பனிமலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலைவனமும் மலைக் கணவாய்களும் சேர்ந்த வழியில் பைக்கில் தனியாகப் போவது பற்றித் தங்கள் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரையின் படங்கள் அருமை. ஆனால் அதைப் படித்துவிட்டு நாளையே கிளம்பப்போகும் ஒருவருக்கு அதில் உருப்படியான தகவல் ஒரு வரிகூட இல்லை. இப்படிப்பட்ட வழிகளில் ஆபத்து பாலையில் மட்டும் இல்லை, மலையில் மட்டும் இல்லை. காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று என்று ஒரே நாளில் இரண்டுக்குள்ளும் நுழைவதுதான் வண்டியையும் ஆளையும் படுத்துகிறது.

முதலில் எஞ்சின். 3,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். 5,000 மீட்டரைத் தாண்டினால் பாதிக்குப் பக்கம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வண்டியின் இழுவை சுமார் பத்து சதவீதம் போய்விடும். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டியில், காற்று குறையும் அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. அதனால் பிளக்கில் கரி படியும், கரும்புகை வரும், மைலேஜ் விழும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஊசியின் கிளிப்பை ஒரு காடி (ஊசியில் வெட்டிய பள்ளம்) மேலே மாற்றினால் ஊசி தாழ்ந்து பெட்ரோல் குறையும். வண்டி தெளிந்து ஓடும். இது பலருக்கும் தெரியும். மறப்பது இறங்கும்போதுதான். கிளிப்பைப் பழைய காடிக்கு மாற்றாமல் கீழே வெயிலில் விரட்டினால், பெட்ரோல் போதாமல் எஞ்சின் கொதித்து பிஸ்டனே ஓட்டையாகலாம். பெட்ரோலைக் கணினியே அளந்து விடும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு இந்த வேலை இல்லை. இழுவை மட்டும் குறையும்.

டயரும் இப்படித்தான். காற்றை எப்போதும் காலையில், வண்டி ஓடுமுன் பார்க்க வேண்டும். உச்சிவெயிலில் நான்கைந்து பிஎஸ்ஐ (டயர் காற்றின் அழுத்த அளவு) கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால், சாயங்காலம் மலைக்குளிரில் டயர் தொய்ந்துவிடும். ஆழமான மணலில் 18 அல்லது 20 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். டயர் பரந்து மணல்மேல் மிதக்கும். ஆனால் கல் தரை வந்தாலோ தார் ரோடு வந்தாலோ உடனே ஏற்ற வேண்டும். கல்லில் ரிம் அடிபடும். தாரில் வேகமாகப் போனால் டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறிக் கிழியும். காற்றடிக்கும் பம்ப் கையில் இல்லாதவர் காற்றை இறக்கவே கூடாது.

செயினுக்கு எண்ணெய் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்ற நினைப்பும் மணலில் செல்லாது. எண்ணெயில் மணல் ஒட்டி, உப்புத்தாள் போலப் பற்சக்கரத்தைத் தின்றுவிடும். பகலில் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ராத்திரி வண்டியை நிறுத்தியதும், செயின் சூடாக இருக்கும்போதே மெல்லிதாக விடலாம்.

அடுத்த பங்க் 250 கிலோமீட்டர் என்றால் 330 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் வேண்டும். எதிர்க்காற்றும் இரண்டாம் கியரில் ஏறும் மலையும் மிச்சத்தைக் குடித்துவிடும். கேனை விளிம்புவரை நிரப்பாதீர்கள். வெயிலில் பெட்ரோல் விரிய இடம் வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். வறண்ட காற்றில் வியர்வை தோலில் தங்குவதே இல்லை, வியர்த்ததே தெரியாது. வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் வரை போய்விடும். காற்றின் வெப்பம் உடம்புச் சூட்டைத் தாண்டிவிட்டால் ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு ஓட்டுவது அடுப்பு அனலில் நிற்பதற்குச் சமம். உள்ளே போட்டிருக்கும் பருத்திப் பனியனை நனைத்துக்கொண்டு, ஜாக்கெட்டை மூடி, சிறு துவாரம் வழியாக மட்டும் காற்றை விட்டால் வெகுநேரம் தாங்கும். வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் உப்பு குறைந்து தலை சுற்றும். ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இதை அவ்வப்போது குடிக்க வேண்டும்.

மலைப்பக்கம் நேரக்கணக்கு முக்கியம். பனி உருகி வரும் ஓடைகள் அதிகாலையில் கணுக்காலளவு இருக்கும். பிற்பகலில் அதே இடத்தில் முழங்கால் தாண்டும். அப்படியானால் விடியுமுன் கிளம்பலாமே என்றால், நிழல் விழும் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத பனிப்பாளம் வெயில் படும்வரை இருக்கும். வெளிச்சம் நன்றாக வந்த பிறகு வளைவு, நண்பகலுக்கு முன் ஓடை. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்துக்குள் அன்றைய பயணத்தை அடக்க வேண்டும். கீழே பாலையில் வறண்டு கிடக்கும் ஆற்றுப்படுகையில் கூடாரம் போடவே கூடாது. தலைக்கு மேலே வானம் தெளிந்திருக்கும்போதே தூரத்து மலையில் பெய்த மழை வெள்ளமாக வந்து சேரும்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழ் கட்டும். லீவர் கைப்பிடிவரை வந்துவிடும், வண்டி நிற்காது. டாட் 4 என்ற ரகப் புது பிரேக் ஆயில் 230 டிகிரியாவது தாங்கும். ஈரம் ஏறிய பழைய ஆயில் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கிளம்புமுன் ஆயிலை மாற்றிவிட்டு, இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதிலேயே இறங்குங்கள்.

கடைசியாக உடம்பு. 500 மீட்டரிலிருந்து 3,500 மீட்டருக்கு ஒரே பிற்பகலில் வண்டி ஏறிவிடும், உடம்பு ஏறாது. 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் முற்றினால் புத்தி மங்கும். தனியாகப் போகிறவருக்கு அதைக் கண்டு சொல்ல ஆள் இல்லை. அதனால் தலைவலி, குமட்டல் வந்தால் தரையில் ஒரு கோடு போட்டு, குதிகாலும் விரலும் தொட ஒற்றையடியாக நடந்து பாருங்கள். தள்ளாடினால் வண்டியைத் தொடாதீர்கள். யாராவது வண்டியில் ஏற்றிக்கொண்டு அன்றே கீழே இறக்கிவிட வேண்டும். தினமும் எத்தனை மணிக்குச் செய்தி அனுப்புவீர்கள், வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதை வீட்டில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டே புறப்பட வேண்டும். வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்காதீர்கள். தேடி வருகிறவர் கண்ணில் வண்டிதான் முதலில் படும்.

இனி இப்படிக் கட்டுரைகள் வெளியிடும்போது ஒவ்வொரு படத்துக்கும் கீழே மூன்று எண்களை அச்சிட வேண்டுகிறேன்: அடுத்த பெட்ரோல் எத்தனை கிலோமீட்டரில், கணவாயின் உயரம் எவ்வளவு, அன்றிரவு தூங்கும் இடத்தின் உயரம் எவ்வளவு.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்