சூட்கேஸ் கட்டுமுன்: ஸ்காபரோவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகள்,

எங்கள் வன்னிக் கிராமத்துக்கு ஊழியம் செய்ய வர இருக்கிற உங்கள் கனடாச் சபைக் குழு அனுப்பிய நிகழ்ச்சி நிரலை எங்கள் பாஸ்டர் அச்செடுத்துக் கொண்டுவந்து தந்தார். "ரீச்சர், ஒருக்கா பாருங்கோ, பதில் எழுத வேணும்" என்றார். நல்ல மனிதர். ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிற எவருக்கும் அவரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. அதனால் அந்த வேலையைப் பெரியம்மா எடுத்துக்கொண்டேன். இந்தக் கோடையில் வேறு சபைகளிலிருந்து வர இருக்கிற பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்றுதான் பொதுவில் போடுகிறேன். கோபிக்காதே.

முதலில் ஒன்று. நீ வா. "விமானச் சீட்டுக் காசை அனுப்பிவிட்டு வீட்டில் இருங்கள்" என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. காசு வரும், போகும். உன் அம்மா பிறந்த நாட்டை, அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து தங்கிய வன்னியை, நீ உன் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்குப் பிரச்சினை உங்கள் நிரலில்தான்.

பன்னிரண்டு பேர், பத்து நாள். சிறுவர் இல்லம், இருநூறு பாடசாலைப் பைகள், மருத்துவ முகாம், வி.பி.எஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, கடைசி நாள் நிலாவெளிக் கடற்கரை. நிலாவெளியில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. ஆனால் மற்ற ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு எண் போட்டிருக்கிறீர்கள். இத்தனை பிள்ளைகள், இத்தனை குடும்பங்கள், வி.பி.எஸ்ஸின் கடைசிக் கட்டத்தில் இயேசுவை ஏற்றுக்கொள்கிறோம் என்று இத்தனை 'தீர்மானங்கள்'. திரும்பிப் போய்ச் சபையில் படம் போட்டுக் காட்ட இந்த எண்கள் தேவைப்படும், விளங்குகிறது. இங்கே அவை என்ன செய்யும் என்று சொல்கிறேன்.

பையிலிருந்து தொடங்குவோம். இலங்கையில் பாடப் புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. பையும் கொப்பியும் ஒவ்வொரு வருடமும் யாராவது வெளிநாட்டுக்காரர் கொண்டுவந்து விடுகிறார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைக்குக் காலையில் சாப்பாடு இல்லை. பரந்தன் முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகிற கிராமங்களில் பஸ் ஒழுங்காக இல்லை, சைக்கிள் டியூப் வெடித்தால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கணக்குக்கும் இங்கிலீசுக்கும் வருகிற ஆசிரியர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். இதில் எதையும் சூட்கேசில் கொண்டுவர முடியாது.

அதைவிட மோசம் பெயர்ப்பட்டியல். இருநூறு பை என்றால் இருநூற்றோராவது பிள்ளை ஒன்று இருக்கும். யாருக்கு, யாருக்கு இல்லை என்று எழுதுவது நீங்கள் அல்ல, பாஸ்டர். பேர் விடுபட்ட தாய் உங்களோடு சண்டை பிடிக்க மாட்டாள். நீங்கள் விமானம் ஏறிய பிறகு பாஸ்டர் மனைவியோடு கிணற்றடியில் பிடிப்பாள். "சபைக்குப் போற ஆக்களுக்கு மட்டும் குடுத்தவை" என்ற கதை கோயிலடி வரை போகும். அந்தக் கதை ஓய்வதற்குள் அடுத்த குழு வந்து நிற்கும்.

வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்த சனம் வவுனியாப் பக்கத்து மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்தது. தண்ணிக்கு வரிசை, சோற்றுப் பார்சலுக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை. அந்த முகாம் கடைசியாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். அன்றைக்குத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்ற பிள்ளைகள் இன்றைக்குத் தாய் தகப்பன் ஆகியிருக்கிறார்கள். அவர்களைப் பெயர் கூப்பிட்டு, பனருக்கு முன்னால் நிறுத்தி, பையைக் கையில் கொடுத்து, கமராவைப் பார்க்கச் சொல்லும்போது சிரிப்பார்கள். எப்படிச் சிரிக்க வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகப் பழக்கம்.

அதே சனம் கொடுத்த சனம் என்பது உனக்குத் தெரியுமோ தெரியாது. 1995 ஒக்டோபர் கடைசியில், இராணுவம் முன்னேறி வர, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டது. நாங்களும்தான். தென்மராட்சியில் கொஞ்சம் இருந்துவிட்டு, கிளாலிக் கடலால் வன்னிக்கு வந்தோம். வளவைப் பிரித்துக் கொட்டில் போட இடம் விட்டவர்கள் இந்த ஊர்க்காரர்கள். நெல்லும் தந்தார்கள். யாரும் எங்களைப் படம் பிடிக்கவில்லை, எங்களிடம் சாட்சி சொல்லச் சொல்லியும் கேட்கவில்லை. 'வந்தாரை வாழவைக்கும் வன்னி' என்று சும்மா சொல்வதில்லை. அதற்கு முதலே, 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து ஓடிவந்தவர்களையும் இந்த மண்தான் ஏற்றது. அவர்களில் காணிப் பத்திரம் இன்றுவரை கைக்கு வராத குடும்பங்கள் உண்டு. எங்கள் கிராமங்களில் மிகவும் கஷ்டப்பட்ட வீடுகளைத் தேடினால் அங்கேதான் போக வேண்டும். வீதியோரத்தில் பனர் கட்டினால் அவர்கள் கண்ணில் படவும் மாட்டார்கள்.

எண்ணிக்கை வியாதி உங்கள் தலைமுறையில் தொடங்கியதும் இல்லை. அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை படித்த இடம். அப்படிப்பட்டதை 1855இல் மூடினார்கள். அங்கே படித்து வெளியே வந்தவர்கள் கெட்டிக்காரர்களாக வந்தார்கள், ஆனால் எதிர்பார்த்த அளவுக்குக் கிறிஸ்தவர்களாக வரவில்லை என்பது பொஸ்டனில் இருந்த மிசன் தலைமையின் கவலை. பிறகு ஊர்ச்சனம் விடாப்பிடியாக நின்றுதான் 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது. இன்னொரு பக்கம் அதே மிசனில் டொக்டர் சாமுவேல் கிறீன் இருந்தார். 1847இல் வந்தவர் தமிழ் படித்து, தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவர் எத்தனை பேரை ஞானஸ்நானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார் என்று இன்றைக்கு யாரும் கேட்பதில்லை. மானிப்பாய் ஆஸ்பத்திரி இன்னும் அவர் பெயரில்தான் நிற்கிறது.

இதனால்தான் வி.பி.எஸ்ஸில் அந்தக் கடைசிக் கட்டத்தை வெட்டச் சொல்கிறேன். பாட்டு, கதை, விளையாட்டு எல்லாம் நல்லது, லீவில் பிள்ளைகளுக்குப் பொழுது போக வழியில்லை. சைவப் பிள்ளைகளும் வருவார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் போவார்கள், மடு மாதா கோயிலுக்கும் போவார்கள், சபையில் நடக்கிற எங்கள் மாலைப் பாட வகுப்புக்கும் வருவார்கள். இங்கே அது ஒரு விசயமே இல்லை. ஆனால் சொக்லேட் கொடுத்த வெளிநாட்டு அண்ணா ஒருவர் "கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்துங்கள்" என்றால் ஒன்பது வயதுப் பிள்ளை எதற்கும் கை உயர்த்தும். நீங்கள் அதை எண்ணிக்கொண்டு போவீர்கள். அந்தப் பிள்ளையின் தகப்பன் அடுத்த திங்களிலிருந்து மாலை வகுப்புக்கு விட மாட்டார். அவரில் பிழை சொல்லவும் முடியாது. சாப்பாட்டைக் காட்டிச் சமயம் மாற்றுகிறார்கள் என்ற பேச்சு ஆறுமுக நாவலர் காலத்திலிருந்து இந்த மண்ணில் இருக்கிறது. அதற்கு நாங்களே தீனி போடக்கூடாது.

மருத்துவ முகாமைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வெளிநாட்டு டொக்டர்மார் இங்கே வைத்தியம் பார்க்க இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு வேண்டும். ஆஸ்பத்திரி இலவசம். அங்கே போய்வர ஓட்டோக் காசுதான் இல்லை. விசாப் படிவத்திலும் வருகிற நோக்கத்தை உள்ளபடி எழுதுங்கள். சுற்றுலா என்று எழுதிவிட்டுக் கூட்டம் நடத்தினால், உங்களைக் கூப்பிட்டவரைத்தான் பிறகு விசாரிக்க வருவார்கள்.

சிறுவர் இல்லம்தான் எனக்கு மிகவும் மனவருத்தம். இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் அநேகருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையால் விட்டிருக்கிறார்கள். குழு வருகிறதென்றால் பிள்ளைகள் வரவேற்பு நடனம் பழகுவார்கள். ஒரு பகல் முழுவதும் மடியில் வைத்துக் கொஞ்சுவீர்கள், பின்னேரம் வானில் ஏறுவீர்கள். அடுத்த மாதம் வேறொரு மடி. பார்த்தே ஆக வேண்டும் என்றால் பிள்ளைகளிடம் போகாமல் நிர்வாகியிடம் போங்கள். எந்தப் பிள்ளையைத் தாயிடம் திருப்பி அனுப்பலாம், அதற்கு மாதம் என்ன செலவு, நன்னடத்தை அலுவலர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். அந்தச் செலவைப் பொறுப்பெடுங்கள். அதற்குப் படம் கிடைக்காது.

சரி, பிறகு பத்து நாளும் என்ன செய்வது என்று கேட்பாய்.

காலையில் வெயில் ஏறுமுன் பாஸ்டரோடு வீடு வீடாகப் போங்கள். இரண்டு இரண்டு பேராக மட்டும். ஒரு நாளைக்கு மூன்று வீடு போதும். போனை வானில் விட்டுவிட்டுப் போங்கள். பிளேன்ரீ தருவார்கள், பனங்கட்டியோடு. வேண்டாம் என்று சொல்லாதே. சில வீட்டில் முன்கதவு பூட்டியிருக்கும், உள்ளே ஆள் இருக்கும். அன்றைக்குக் கிழமைக் கடன் கட்டுகிற நாள் என்று விளங்கிக்கொள். நுண்கடன் எடுத்து, அதைக் கட்ட இன்னொன்று எடுத்து, அதிலே மாட்டிய பெண்கள் இங்கே நிறையப் பேர். 2018இல் அரசாங்கம் வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்கிறோம் என்று அறிவிக்கிற அளவுக்கு அது போனது. "ஏன் கடன் எடுத்தீர்கள்" என்று கேட்காதே. மற்றதெல்லாம் கேள். சமைத்துக்கொண்டே சொல்வார்கள்.

பின்னேரம் மாலை வகுப்பு. உயர்தரம் முடித்த இரண்டு பிள்ளைகள்தான் அதை நடத்துகிறார்கள், கையில் கிடைப்பது பஸ் காசுக்கும் காணாது. உங்கள் குழுவில் கணக்கு வடிவாகத் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து உதவட்டும். பை வாங்க வைத்திருக்கிற காசை அந்த இருவருக்கும் மாதச் சம்பளமாக மூன்று வருடம் அனுப்ப உங்கள் சபை சம்மதிக்குமா என்று கேட்டுச் சொல். ஒரு வருடம் தந்துவிட்டு நிறுத்துவதென்றால் தொடங்கவே வேண்டாம், அவர்கள் இப்போதே கொழும்பில் கடை வேலைக்குப் போகட்டும்.

உன் தமிழ் எப்படி இருக்கிறது? இரண்டு மாதம் இருக்கிறது, அம்மாவோடு வீட்டில் கதைத்துப் பழகு. மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு குசினிக்குள் இருக்க முடியாது.

பாஸ்டருக்கு வருகிற கிழமைக்குள் பதில் போடு, எனக்கும் ஒரு பிரதி. பன்னிரண்டு பேரில் யார் யார் மரக்கறி, யாருக்கு உறைப்பு ஆகாது என்றும் எழுது, சமைக்கிற அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறா.

அன்புடன்,
பெரியம்மா